இடித்தது முதலில் தெரிகிறது, வலி பிந்தி வருவது ஏன்?

கேள்வி: இருட்டில் கட்டில் காலில் கட்டைவிரலை இடித்துக்கொண்டால், இடித்தது அக்கணமே தெரிகிறது, உயிர்போகும் வலியோ சற்றுப் பொறுத்தே வருகிறது. நரம்பு மின்கம்பி போன்றது என்று படித்திருக்கிறோம். ஒரே கம்பியில் இரண்டு செய்திகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேருமா?

பதில்: குழப்பத்துக்குக் காரணம் அந்த மின்கம்பி உவமைதான். நரம்பு ஒற்றைக் கம்பி அன்று. ஏராளமான நரம்புச் செல்களின் நீண்ட இழைகள் சேர்ந்த கட்டு. உட்கரு தாங்கிய உடல், செய்தியை வாங்கும் டெண்ட்ரைட் கிளைகள், அதைக் கடத்தும் ஆக்ஸான் என்று பாடநூலில் வரையப்படும் படம் மூளையின் பெரும்பாலான செல்களுக்குப் பொருந்தும். ஆனால் உங்கள் கட்டைவிரலின் தொடுவுணர்வைச் சுமக்கும் செல்லின் உடல், கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டிய சிறு முடிச்சு ஒன்றில் இருக்கிறது. அதன் இழையோ ஒருபுறம் விரல் வரையிலும், மறுபுறம் தண்டுவடத்தின் வழியே மூளையின் அடிப்பகுதியான முகுளம் வரையிலும் நீள்கிறது. வெறும் கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைச் செல், ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்கு நீண்டு கிடப்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கம்பியில் மின்சாரம் பாய்வதுபோல இழையில் செய்தி பாய்வதில்லை. ஓய்விலிருக்கும் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் சவ்விலுள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே புகுகின்றன. அந்த இடத்தின் மின்நிலை புரண்டு, அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கிறது. பிறகு பொட்டாசியம் அயனிகள் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. ஓரிடத்தில் இவ்வளவும் நடக்க ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி போதும். ஆனாலும் வழிநெடுகச் செய்தி புதிதாக எழுந்தாக வேண்டியிருப்பதால், கம்பியின் வேகம் நரம்புக்குக் கிட்டாது. 1850இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அளந்தபோது, விநாடிக்குச் சுமார் 27 மீட்டர்தான் கிடைத்தது.

இனி உங்கள் விரலுக்கு வருவோம். தொடுவுணர்வு இழைகள் தடித்தவை. கொழுப்பு மிகுந்த மயலின் உறை அவற்றைச் சுற்றியிருக்கிறது. உறையின் இடைவெளிகளில் மட்டுமே மின்நிலை புரள்வதால், செய்தி கணுவுக்குக் கணு தாவி, விநாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை விரைகிறது. சுருக்கென்ற முதல் வலியைக் கொண்டுவரும் மெல்லிய உறையிட்ட இழைகள் அதைவிட மெதுவானவை. நீங்கள் சொல்லும் அந்த ஆழ்ந்த வலியோ, உறையே இல்லாத மிக மெல்லிய இழைகளில் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் வருகிறது. காலிலிருந்து தண்டுவடத்தை எட்டவே அதற்கு ஒரு விநாடி ஆகிவிடும்.

இடித்த விரலை நாம் உடனே பிடித்துத் தேய்ப்பதும் பயனற்ற செயலன்று. தேய்ப்பதால் எழும் தொடுவுணர்வுச் செய்தி, வலிச்செய்தி தண்டுவடத்தில் அடுத்த செல்லுக்குக் கைமாறும் இடத்திலேயே அதை ஓரளவு தணிக்கிறது.