தலையில் இருக்கும் கண்ணாடியைத் தேடுவது அறிவுக்குறைவா?

தலைமேல் ஏற்றிவைத்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுபவருக்கு அறிவு மட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. பழகிப்போன செயல்களை மூளை நம் கவனத்தை எதிர்பாராமலேயே நடத்திச் செல்கிறது. கவனம் வேறெங்கோ இருக்கையில், பழக்கம் தன் வழக்கமான தடத்தில் போய்விடும். விருந்துக்கு உடை மாற்ற அறைக்குள் போன மறதிக்காரர்கள், ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, கடைசியில் கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவதுண்டு என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதியிருக்கிறார். ஆடை களையும் முதல் அசைவுகள் இரண்டு வேலைகளுக்கும் பொதுவானவை. படுக்கும் நேரம் அதற்குப் பிந்தியதுதான் என்றாலும், உடல் பழகிய பாதையிலேயே தொடர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு இன்னொரு காரணமும் உண்டு: அசையாமல் உடலில் பட்டுக்கொண்டே இருக்கும் பொருளின் தொடுவுணர்வு சிறிது நேரத்தில் மங்கிவிடுவதால், அது தலையில் இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை.