திருத்திவிட்டார்கள், சரி, என் கணினிக்கு எப்போது வரும்?

கட்டற்ற மென்பொருள்களில் பிழைத் திருத்தம் வெளியீடாக வந்து சேரும் வழி குறித்து வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்.

லிப்ரே ஆபிஸில் நான் தெரிவித்த பிழை 'தீர்ந்தது' என்று காட்டுகிறது. புதுப்பித்த பிறகும் பிழை அப்படியே இருக்கிறதே?

மூல நிரலில் திருத்தம் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பிழைப் பக்கத்தில் 'ஒயிட்போர்டு' கட்டத்தைப் பாருங்கள். 'டார்கெட்:24.8.0' என்பதுபோல் ஓர் எண் இருக்கும். திருத்தம் வரும் பதிப்பு அது. இரண்டு எண்கள் இருந்தால் பழைய கிளைக்கும் (முந்தைய பதிப்பு வரிசைக்கும்) கொண்டுபோயிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பொறுமை இல்லாதவர்கள் முழுதாகச் சோதிக்கப்படாத தினசரிப் பதிப்பை இறக்கிச் சோதிக்கலாம். சம்பளப் பட்டியலை மட்டும் அதில் திறந்துவிடாதீர்கள்!

கையில் கமிட் எண், அதாவது மூல நிரலில் சேர்ந்த மாற்றத்தின் அடையாள எண், மட்டும் இருக்கிறது. அது எந்தப் பதிப்பில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியீடுகளைக் குறிக்கும் டேக்குகளை உங்கள் நிரல் நகலுக்குப் புதிதாக இழுத்துவிட்டு, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் 'கிட் டேக் --கன்டெயின்ஸ்' கட்டளைக்கு அந்த எண்ணைக் கொடுங்கள். வரும் பட்டியலில் ஆகப் பழைய பதிப்புதான் விடை. 'ஆர்சி' ஒட்டியிருப்பவை முன்னோட்டங்கள். கணக்கில் சேர்க்க வேண்டாம். பட்டியல் காலியாக இருந்தால் அந்தக் கமிட் இன்னும் எந்த வெளியீட்டிலும் இல்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அப்படிப் பார்த்தால் 6.9 என்கிறது. ஆனால் 6.6 கிளையின் மாற்றக் குறிப்பிலும் அதே திருத்தம் இருக்கிறது. எது உண்மை?

இரண்டும். நிலைக் கிளைக்கு (திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய பதிப்பு வரிசைக்கு) திருத்தத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்லும்போது அதற்குப் புதிய கமிட் எண் விழுகிறது. பழைய எண்ணை வைத்துத் தேடும் கட்டளைக்கு அது தெரியாது. ஆனால் பெயர்த்த கமிட்டின் செய்தியில் மூல எண்ணைக் குறித்திருப்பார்கள். நிலைக் கிளையில் 'கிட் லாக் --கிரெப்' போட்டு அதைத் தேடுங்கள். பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று சொல்லும் 'ஃபிக்சஸ்:' வரியையும் படியுங்கள். பிழையே உங்கள் பதிப்புக்குப் பின்னால் நுழைந்தது என்றால் கவலையே வேண்டாம்.

எங்கள் டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) சர்வரில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எல்லாம் இருக்கின்றன. தணிக்கையாளரோ பதிப்பு எண் பழையது என்று எழுதிவிட்டார்.

ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டையின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். 2014 ஏப்ரல் 7 அன்று குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் அந்த ஓட்டையை 1.0.1ஜி பதிப்பில் அடைத்தது. டெபியன் 7 அந்தப் பதிப்புக்குத் தாவவில்லை, 1.0.1இ-யிலேயே நின்று, திருத்தத்தை மட்டும் எடுத்துச் சேர்த்து 1.0.1இ-2+டெப்7யு5 என்று வெளியிட்டது. நடுவில் இருக்கும் 'இ' எழுத்தை மட்டும் பார்ப்பவர் ஓட்டை இருப்பதாகச் சொல்வார். விடை '+டெப்7யு5' என்ற வாலில் இருக்கிறது. தொகுப்பின் மாற்றக் குறிப்பில் சிவிஇ எண்ணை, அதாவது அந்த ஓட்டையின் பொது அடையாள எண்ணை, தேடி, அந்த வரியைத் தணிக்கையாளருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அதோடு வாதம் முடியும்.

புதிய தொகுப்பை நிறுவியாகிவிட்டது. இனி நிம்மதிதானே?

வெப் சர்வரை மறுதொடக்கம் செய்தீர்களா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழைய நூலகத்தை நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கட்டளை எவற்றை மீண்டும் தொடங்க வேண்டும் என்று காட்டும். கெர்னல் என்றால் கணினியையே மறுதொடக்கம் செய்து, 'யுநேம் -ஆர்' காட்டும் எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

'எப்போது வரும்?' என்று உருவாக்குநரிடமே கேட்கலாமா?

வெறுமனே கேட்டால் பதில் வருவது அரிது. வளர்ச்சிப் பதிப்பில் சோதித்தேன், பிழை போய்விட்டது, இந்தக் கிளைக்கும் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். அதைப் படிக்க அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.