கதவைத் தட்டும் இரண்டு பையன்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூட்டா பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்திருப்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். நாங்கள் டாலஸ் பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு மதியம், வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டையோடு இரண்டு பையன்கள் கதவைத் தட்டினார்கள். பத்தொன்பது வயதுக்கு மேல் இருக்காது. மார்மன் மிஷனரிகள் என்றார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சம்பளம் கிடையாது, எங்கள் வீட்டிலிருந்துதான் பணம் கட்டுகிறோம் என்றார்கள். காலேஜில் படிக்க வேண்டிய வயதில் இரண்டு வருடம் தெருத்தெருவாக அலைய எந்த அப்பா அம்மா அனுப்புவார்கள்? வாரம் முழுக்க இதே வேலைதானா? இது மூளைச்சலவை இல்லையா? மறுபடி வந்தால் கதவைத் திறக்கலாமா?

ஆர்., டெக்சாஸ்

அன்புள்ள ஆர்.,

அவர்கள் சொன்னது உண்மை. அமெரிக்காவிலிருந்து மிஷன் போகும் ஒருவருக்காக அவர் வீட்டில் 2020 முதல் மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள். 1990 வரை யார் எந்த ஊருக்குப் போகிறார்களோ அந்த ஊர்ச் செலவை அந்தந்த வீடே சுமக்க வேண்டியிருந்தது. ஜப்பானுக்குப் போகச் சொன்னால் அந்தக் குடும்பம் திண்டாடும். அப்புறம் எல்லோரும் ஒரே தொகையைப் பொதுவில் போட, சபை அதை ஊருக்குத் தக்கபடி பிரித்துக் கொடுப்பது என்று ஆக்கினார்கள். பல வீடுகளில் பிள்ளை சின்ன வயதிலிருந்தே இதற்கென்று காசு சேர்க்கும்.

இவர்களுடைய சபை 1830ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. ஊர் ஊராக ஆள் அனுப்புவது அன்றைக்கே ஆரம்பித்த வழக்கம். 1837ல் இங்கிலாந்துக்குப் போனார்கள். 1853ல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் மதராஸ் வரைக்கும் வந்து இறங்கினார், ஒரு வருடம் பிரசங்கித்தும் சிலரைத்தான் சேர்க்க முடிந்தது. அந்தக் காலத்தில் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுக் குடும்பஸ்தர்கள் போனார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் கல்யாணமாகாத இளைஞர்கள். ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். 2012ல் ஆண்கள் போகும் வயதை 19லிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். இப்போது எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எங்கே போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விண்ணப்பம் போட்டால் ஊர் பெயரோடு கடிதம் வரும், 2018லிருந்து இணையத்தில். அதைக் குடும்பமே கூடி நின்று திறப்பார்கள்.

இனி வாரத்துக்கு வருவோம். நான் யூட்டாவில் இருந்தபோது அடுத்த வீட்டுப் பையன் பிலிப்பைன்ஸுக்குப் போனான். அந்தத் தீவுகளில் இந்தச் சபைக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். முதலில் யூட்டாவிலேயே ப்ரோவோ என்ற ஊரில் உள்ள சபையின் பயிற்சி மையத்தில் சில வாரம் மொழி சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத்தருகிறார்கள். அதற்குப் பிறகு அவனுடைய நாட்கள் எல்லாம் ஒரே அச்சில் நடந்தன. காலை ஆறரைக்கு எழுந்து அரை மணி நேரம் உடற்பயிற்சி. குளித்துச் சாப்பிட்டுவிட்டு வேதப் படிப்பு, முதலில் தனியாக, பிறகு இருவராக. அதன் பின் மொழிப் பயிற்சி. காலை பத்து மணிவாக்கில் தெருவில் இறங்கினால் ராத்திரி ஒன்பது வரை வெளியேதான். பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017க்குப் பிறகு ஊருக்கேற்ப நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. சினிமா கிடையாது, டிவி கிடையாது, காதல் கிடையவே கிடையாது. ஒருவரையொருவர்கூடப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்டர் இன்னார், சிஸ்டர் இன்னார் என்று குடும்பப் பெயரோடு சரி.

இந்த ஏழு நாளில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. பெரும்பாலும் திங்கட்கிழமை. பி-டே என்பார்கள், அதாவது தயாரிப்பு நாள். துணி துவைப்பது, வாரத்துக்கு வேண்டிய அரிசி, முட்டை, பால் வாங்குவது, அறையைக் கூட்டிப் பெருக்குவது, முடி வெட்டிக்கொள்வது, நேரமிருந்தால் மற்ற மிஷனரிகளோடு பந்து விளையாடுவது எல்லாம் அன்றைக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி வேலை. வீட்டுக்கு எழுதுவதும் அன்றைக்குத்தான். 2019 பிப்ரவரி வரை வீட்டோடு பேச வருடத்தில் இரண்டே நாள்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல். பக்கத்து வீட்டுப் பையன் போனது அந்தக் காலத்தில். பிலிப்பைன்ஸில் திங்கள் காலை என்றால் யூட்டாவில் ஞாயிறு சாயங்காலம். அவன் அம்மா ஞாயிறு சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும்போதே போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெருமழையில் சைக்கிள் ஓட்டியது, ஒரு பாட்டி கருவாட்டுக் குழம்பு போட்டது, காலில் சேற்றுப்புண் வந்தது, இப்படித்தான் அவன் எழுதுவான். ஞானஸ்நானம் பற்றி ஒரு வரி இருக்கும். அந்த அம்மா படித்துக் காட்டுவது சேற்றுப்புண் வரியைத்தான். இப்போது வாரம்தோறும் வீடியோவில் பேசலாம். அந்த மாற்றம் மிகத் தாமதமாக வந்தது என்பதே என் எண்ணம். பதினெட்டு வயதுப் பிள்ளையை அம்மா குரலிலிருந்து வருடம் முழுக்கப் பிரித்து வைத்ததற்கு எந்த வேலையின் பெயரையும் நியாயமாகச் சொல்ல முடியாது.

உங்கள் வாசலில் ஏன் இருவர் நின்றார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இந்த வாழ்க்கையில் கடினமானது அதுதான். எங்கே போனாலும் இருவராகத்தான் போக வேண்டும், குளியலறை தவிர வேறெங்கும் தனியே இருக்கக் கூடாது. அந்த இன்னொருவரை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மிஷன் தலைவர் முடிவு செய்வார். ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றப் பட்டியல் வரும், யார் யாரோடு, எந்த ஊரில் என்று. முன்பின் தெரியாதவரோடு குடித்தனம் நடத்துவது போலத்தான். ஒருவன் ஓயாமல் பேசுவான், இன்னொருவன் காலையில் எழவே மாட்டான். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்குத் திட்டம் போடும்போது, ஒருவர் மேல் ஒருவருக்கு என்ன குறை என்பதையும் முகத்துக்கு நேரே பேசித் தீர்க்க வேண்டும் என்பது நடைமுறை. பதினெட்டு வயதில் எனக்கு அப்படியொரு பேச்சு பேசத் தெரிந்திருக்காது. மிஷன் முடித்து வந்தவர்களிடம் பேசியிருக்கிறேன். போதித்த பாடங்களைவிட இதைத்தான் நெடுநேரம் சொல்வார்கள்.

அதே கூட்டத்தில் எண்களும் போடுவார்கள். இந்த வாரம் எத்தனை பாடம், ஞாயிறு சபைக்கு எத்தனை பேரை அழைத்து வருவது, யாருக்கு எப்போது ஞானஸ்நானம். கணக்கு மேலே போகும். எனக்கு உடன்பாடில்லாத இடம் இது. பெரும்பாலான கதவுகள் திறப்பதில்லை. கண்டிப்பாக வருகிறேன் என்றவர்களுக்காக ஞாயிறு காலையில் ஆலய வாசலில் நின்று கார்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பலரும் வருவதில்லை. அந்த வாரம் ஒரு பையன் எவ்வளவு நடந்தாலும் கணக்கில் பூஜ்யம். அதைத் தன் தகுதிக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

நீங்கள் கேட்ட மூளைச்சலவைக்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. போவதும் திரும்புவதும் சட்டப்படி அவர்கள் இஷ்டம். ஆனால் யூட்டாவின் சில ஊர்களில் போகாத பையனைப் பார்க்கும் பார்வையே வேறு. அதைவிட மோசம், போய்விட்டுப் பாதியில் திரும்புவது. மனச்சோர்வோ உடல்நலக் குறைவோ காரணமாக எட்டாம் மாதத்தில் வீடு வந்த பிள்ளையிடம் சபையில் ஒவ்வொருவராக வந்து “எப்போது மறுபடி போகிறாய்?” என்று அன்பாகக் கேட்பார்கள். அந்த அன்பை அவனால் தாங்க முடியாது. 2019லிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் உடல்நிலையோ மனநிலையோ இடம்தராதவர்கள் வீட்டிலிருந்தபடியே உணவு வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் சேவை செய்து அதையும் மிஷனாகக் கணக்கிட வழி செய்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஊர்ப் பார்வை மாற இன்னும் நாளாகும்.

இரண்டு வருடம் வீணா என்றால், என் பதில் இல்லை. மதம் மாறியவர்களின் எண்ணிக்கையை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. 2012ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி 1966லிருந்து 1968 வரை பிரான்ஸில் இதே வேலை செய்தவர். அங்கேயும் அதிகம் ஆள் சேரவில்லை. ஆனால் அந்நிய மொழியில் பேசி, ஏழை வீடுகளில் உட்கார்ந்து, நாளெல்லாம் ‘வேண்டாம்’ கேட்டு, அடுத்த கதவுக்கு நடந்த ஒருவருக்குப் பிறரின் வாழ்க்கை பற்றி ஏதோ தெரிந்துவிடுகிறது. ஜோசப் ஸ்மித்துக்குத் தங்கத் தகடுகளில் எழுதிய வேதம் கிடைத்தது என்ற அவர்களுடைய கதையை நான் நம்புவதில்லை. அந்தப் பையன்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரி, கதவைத் திறக்கலாமா? தாராளமாக. காபி, டீ கொடுக்காதீர்கள், அவர்கள் மதத்தில் அது விலக்கு. தண்ணீரோ ஜூஸோ போதும். வீட்டில் உங்கள் மனைவி தனியாக இருந்தால் பையன்கள் உள்ளே வர மாட்டார்கள், அது அவர்களுடைய விதி. தப்பாக நினைக்க வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவையுங்கள். சாமான் தூக்க, தோட்டம் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமானால் கேளுங்கள், வாரத்தில் சில மணி நேரம் அந்த மாதிரி உதவிக்கே ஒதுக்கியிருப்பார்கள். மதம் பற்றிப் பேச விருப்பமில்லையென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம் ஊர் மரியாதையில் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நம்பிக் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் டெக்சாஸ் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து நிற்பார்கள்.