உடற்பயிற்சியைத் தொடங்கி நடுவில் நின்றுபோனவர்கள், குடும்பத்தோடு சேர்ந்து மறுபடி எப்படித் தொடர்ந்தீர்கள்?

காரைக்குடியில் இருக்கிறேன், வயது 44. ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவை நின்றுபோனவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதல் தடவை குதிகால். போன வருஷம் ஆடியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை என்றால் சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். பயந்துபோய் மறுநாளே தேய்ந்த ஷூவை மாட்டிக்கொண்டு தினம் பத்தாயிரம் அடி நடக்கக் கிளம்பிவிட்டேன். (அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் படித்தேன். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். எண்ணிக்கை அங்கேதான் பிரபலமானது.)

மூன்றாவது வாரம், காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறினாற்போல் ஒரு வலி. பத்தடி நடந்தால் குறையும், கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். டாக்டர் என் கால் கட்டைவிரலை மேலே மடக்கிவிட்டு உள்ளங்காலை அழுத்திப் பார்த்தார். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரைக்கும் போகிற தடித்த நார்ப்பட்டை புண்பட்டிருக்கிறதாம். கெண்டைக்காலை நீட்டி மடக்குகிற பயிற்சி, உறைந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவது, கொஞ்ச நாளைக்கு நடையைக் குறைப்பது. இதெல்லாம் சரி. கடைசியில், “வீட்ல என்ன தரை?” என்றார். ஆத்தங்குடிக் கல் என்றேன். “அப்ப வீட்டுக்குள்ளயும் செருப்புப் போடுங்க” என்றார்.

சிக்கலே அங்கேதான். கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்கிற அந்தக் கல் சித்திரை வெயிலிலும் வெறுங்காலுக்கு அவ்வளவு குளுமை. ஆனால் கல் கல்தானே, குதிகாலுக்கு அது துளியும் விட்டுக்கொடுக்காது. ஆத்தாவிடம் சொன்னேன். “வளவுக்குள்ள செருப்பா? வர்றவுக என்னப்பா நெனப்பாக?” மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். மெத்தென்று புதுச் செருப்பு ஒன்று வாங்கினாள். அது தெருவுக்கு இறங்காது, சாமி அறைப் பக்கமும் போகாது. இப்படி ஒப்பந்தமாயிற்று. ஒரு மாதம் கழித்து ஆத்தாவே, “அதுல ஆறாம் நம்பர் கிடைக்குமா? எனக்கும் முழங்கால் கடுக்குது” என்றார். இப்போது இரண்டாங்கட்டு நிலைப்படி ஓரத்தில் இரண்டு ஜோடி கிடக்கின்றன.

நடை குறைந்த நாட்களில் சைக்கிள். குதிகாலுக்கு அவ்வளவு பாரம் விழாது. ஞாயிறு காலையில் நானும் 11 வயது மகளும் கோட்டையூர் வரை போய்த் திரும்புவோம். எனக்காக அவள் மெதுவாக ஓட்டுவாள், அதை அவள் வாயால் சொல்லிக்காட்டுவதுதான் பொறுக்காது.

இரண்டாவது தடவை ஐப்பசி மழை. அதற்குள் வலி முக்கால்வாசி போயிருந்தது, வெளியேதான் போக முடியவில்லை. எங்கள் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற பழைய வீடு. முகப்பிலிருந்து பின்வாசல் வரை போய்வந்தால் ஒரு நடை. மகள் பட்டாசாலையில் பல்லாங்குழியை வைத்துக்கொண்டு நடைக்கு ஒரு சோழி போடுவாள், 14 குழியிலும் ஒவ்வொன்று விழுந்தால் ஒரு சுற்று. மழைத் தண்ணீர் தெறித்த இடத்தில் கல் வழுக்கும். அதைத் துடைப்பது என் வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆத்தா, பேத்தி திரும்பிய நேரம் பார்த்துச் சோழியை எடுத்து மறைத்துவிடுவார். “அப்பத்தா, கள்ளாட்டம்!” என்று வீடே அதிரும். அதன் பிறகு அந்த ஐப்பசியில் நான் ஒரு நாள்கூட விடவில்லை என்றால் பாதிப் புண்ணியம் ஆத்தாவுக்குத்தான்.

மூன்றாவது, தையில் வந்த நாலு கல்யாணம். வெள்ளைப் பணியாரத்தையும் கவுனி அரிசியையும் வேண்டாம் என்று சொல்ல நான் துறவி இல்லை. மூன்று கிலோ ஏறியது. பட்டினி கிடந்து சரிக்கட்டப் பார்த்து, இரண்டே நாளில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். மனைவி அதை நிறுத்திவிட்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் தெருவில் பதினைந்து நிமிஷம் நடப்பது என்று வைத்தாள். சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை சட்டென்று ஏறுவது குறையும். வாரத்துக்கு 150 நிமிஷம் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். போன மாதம் பார்த்ததில் சராசரிச் சர்க்கரை 5.9.

அப்பச்சி (என் அப்பா) இருந்தவரை ஏழு வருஷம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடந்து போனவர். எனக்கும் ஆசைதான். ஆனால் வருகிற தையில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரைக்கும் மட்டும், பத்துக் கிலோமீட்டர், குடும்பத்தோடு. “கால் வலிச்சா பாதியில பஸ் ஏறிருப்பா, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாக” என்று ஆத்தா இப்போதே சொல்லிவிட்டார். தண்ணீர்ப் பை தன்னுடையது என்று மகள் எழுதி வைத்திருக்கிறாள்.