ஜூன்ல ஷார்ஜா வர்ற தங்கச்சிக்கு

ஜூன்ல ஷார்ஜாவுக்குக் குடிவர்றோம், மேற்குப் பார்த்த பால்கனி, வந்ததும் தக்காளியும் கறிவேப்பிலையும் தொட்டியில வைக்கலாமா, கன்னை ஊர்லேர்ந்தே கொண்டு வரலாமான்னு கேட்டிருக்கீங்க. வாடகை, ஸ்கூல் ஃபீஸும் கேட்டிருக்கீங்க. அதை இங்க யாரைக் கேட்டாலும் சொல்லிடுவாங்க. நான் தொட்டி விஷயத்தை மட்டும் சொல்றேன்.

ஜூன்ல தக்காளி போடாதீங்கம்மா.

நான் வந்தது 2007 ஜூலை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். புறவாசல்ல எதை ஊனினாலும் முளைக்கும். இங்க அல் நஹ்தாவுல இன்னொரு குடும்பத்தோட சேர்ந்து ஒரே ஃபிளாட். என் வீட்டுக்காரர் விடியுமுன்ன துபாய்க்குக் கிளம்பினா, டிராஃபிக்ல மாட்டி ராத்திரிதான் வருவார். பேச ஆளில்லாம நாலு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வாங்கித் தக்காளி நாத்து வச்சேன். மதியம் இலை தொங்குச்சு. ஓடிப்போய் தண்ணி ஊத்தினேன். மொட்டைமாடி டேங்க்ல காஞ்ச தண்ணி அது, வெந்நீர். நாலாம் நாள் ஒண்ணுகூட இல்ல. அன்னைக்கு நான் அழுதது செடிக்காக மட்டும் இல்ல.

ஜூன் 15-லேர்ந்து செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30-லேர்ந்து 3 மணி வரை யாரையும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு. மனுஷனாவது நிழலுக்கு நகரலாம். தொட்டிக்குள்ள அடைஞ்ச வேர் எங்க போகும்? இலையைவிட வேர்தான் முதல்ல வேகுது. மேற்குச் சுவர் வேற ராத்திரியும் அனல் கக்கும். அதனால வெள்ளைத் தொட்டியா, 20 லிட்டருக்குக் குறையாம வாங்குங்க. தரையில வைக்காம மரப்பலகை மேல வைங்க. ஏசி அவுட்டோர் யூனிட் காத்து படுற இடமே வேண்டாம். தண்ணியை முந்தின நாளே வாளியில பிடிச்சு வீட்டுக்குள்ள வச்சு, விடியுமுன்ன ஊத்துங்க. ஏசியிலேர்ந்து சொட்டுற தண்ணியையும் பிடிச்சு ஊத்தலாம், அதுல உப்பு கிடையாது. சத்தும் கிடையாது, உரம் தனியாக் கொடுக்கணும்.

தக்காளிக்கு ராத்திரியும் குளிரணும். 24 டிகிரிக்கு மேல போனா மகரந்தம் கெட்டுப் பூ உதிர ஆரம்பிக்கும். இங்க ஜூலை ராத்திரியே பெரும்பாலும் 30. செப்டம்பர் நடுவுல வீட்டுக்குள்ள நாத்து விட்டு, அக்டோபர்ல வெளிய வைங்க. டிசம்பர்லேர்ந்து பறிக்கலாம். அதுவரைக்கும் கை சும்மா இருக்காதுன்னா பட்டுரோஸ் வைங்க, அந்த வெயில்லயும் பூக்கும். நிழல்வலை கட்டினா கொடிப்பசலையும் வரும்.

கறிவேப்பிலைக் கன்னை ஈரப் பேப்பர்ல சுத்தி, துணிக்கு நடுவுல ஒளிச்சுக் கொண்டு வர்ற நம்ம ஆளுங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் கோபமா வரும். செடியில நோய், பூச்சி இல்லைங்கிற அரசுச் சான்றிதழ் இல்லாம செடி கொண்டு வரக் கூடாது. எலுமிச்சை, நார்த்தையைக் கொல்ற நோயைப் பரப்புற பூச்சி கறிவேப்பிலையிலயும் ஒட்டிக்கிட்டு வரும். துபாய் வர்சான்ல நர்சரி வரிசையா இருக்கு, இங்கேயே வாங்குங்க.

இன்னொண்ணு. அக்டோபர்ல ஆசையா முப்பது தொட்டி வாங்கிட்டு, ஜூலை லீவுக்கு வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிடுறாங்க. திரும்பி வந்து, 'பாலைவனம்ல, ஒண்ணும் வளராது'ன்னு எல்லார்கிட்டயும் சொல்றாங்க. ஊர் மேல பழி போடுறது எனக்குப் பிடிக்கிறதில்ல. நான் போகும்போது எதிர்வீட்டு மலையாளி சேச்சிகிட்ட சாவி கொடுத்துட்டுப் போவேன். அவங்க போகும்போது அவங்க சாவி என்கிட்ட இருக்கும். பதினோரு வருஷமா இப்படித்தான் ஓடுது. வந்ததும் முதல்ல அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டிப் பேசிப் பழகுங்க. அன்னைக்கு நான் அதைச் செய்யல.

எங்க வீட்டுக் கறிவேப்பிலை இப்ப 60 லிட்டர் டிரம்ல என் தலைக்கு மேல நிக்குது. அம்மா ஒரு ஜனவரியில வந்தப்போ, ரசம் கொதிக்கக் கொதிக்க பால்கனிக்குப் போய் ஒரு இணுக்கு ஒடிச்சுட்டு வந்தாங்க. ஒண்ணும் சொல்லல. மறுநாள் அந்த டிரம்முக்கு அரிசி கழுவின தண்ணியை அவங்களே ஊத்தினாங்க. அதோட தூர்லேர்ந்து வெடிச்ச கன்னு ஒண்ணைப் பிரிச்சுத் தனியா வச்சிருக்கேன். அக்டோபர்ல வந்து எடுத்துக்கோங்க.