கணக்கு கேட்பவர் முதலில் பாக்கியைக் கட்டுங்கள்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடுகள். சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. ஆறு ஆண்டுகளாக ஒரே செயலாளர். தேர்தலும் இல்லை, வரவு செலவுக் கணக்கும் இல்லை. கணக்குக் காட்டும்வரை தரமாட்டேன் என்று பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தினேன். இப்போது தண்ணீரைத் துண்டிப்பேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஆனாலும் பாக்கியை உடனே வங்கி வழியாகச் செலுத்துங்கள். பாக்கி வைத்தவருக்கு வாக்கில்லை என்று பல சங்கங்களின் துணைவிதிகள், அதாவது சங்கம் தனக்கென வகுத்துக்கொண்ட விதிகள், சொல்கின்றன. அந்தச் சாக்கை நீங்களே அவர் கையில் கொடுக்க வேண்டாம். எதிர்ப்பைத் தெரிவித்தே கட்டுவதாகவும், கணக்கு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்றும் கடிதம் எழுதி ஒப்புகை வாங்குங்கள். பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் இருக்கிறது. குழாயை மூட யாருக்கும் அதிகாரமில்லை. மூடினால் காவல்நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேளுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நிர்வாகக்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். கணக்கு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். என்ன தாக்கலாகியிருக்கிறது என்று அங்கே மனுப்போட்டு, சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஒன்றுமே தாக்கலாகவில்லை என்றால் அதுவே உங்களுக்குச் சாட்சி.

அடுத்தது அதே சட்டத்தின் பிரிவு 36. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் பதிவாளர் விசாரிக்கலாம். வீட்டுக்கு ஒருவர்தான் உறுப்பினர் என்றால் உங்களுக்கு 16 கையெழுத்து தேவை; 20 வாங்கிவிடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பத்திரமும் உறுப்பினர் பதிவேடும் மனைவி பெயரில் இருக்கும். கையெழுத்துப் போடுபவர் கணவர். அது செல்லாது. கூட்டங்களுக்கெல்லாம் அவர்தான் போகிறார், எல்லாருக்கும் அவரைத்தான் தெரியும் என்பதெல்லாம் எடுபடாது. இருவர் பெயரிலும் வீடு இருந்தால் யார் உறுப்பினர் என்பதைத் துணைவிதியில் பாருங்கள். சந்தேகமானால் இருவரும் போடட்டும், ஆனால் எண்ணிக்கையில் ஒன்றாகவே கொள்ளுங்கள். தந்தை இறந்து, வாரிசு பெயர் இன்னும் பதிவேட்டில் ஏறாத வீட்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதிவு அலுவலக வாசலில் தரகர்கள் நிற்பார்கள். "பழைய சங்கத்தை ரத்து செய்து, உங்கள் பெயரில் புதிதாக ஒன்று பதிந்து தருகிறேன்" என்பார்கள். நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு சங்கம் முளைத்தால், லிஃப்ட் பழுதுக்குக் காசோலை போடக்கூட ஆளில்லாமல் வங்கிக்கணக்கு முடங்கிப்போகும். பழைய செயலாளருக்கு அதைவிட வசதி வேறில்லை.

பதிவாளர் அலுவலகம் வேகமாக நகரும் என்று என்னால் சொல்ல முடியாது. நிலப் பத்திரங்களுக்கு இருக்கும் அவசரம் சங்க மனுக்களுக்கு அங்கே கிடையாது. தேர்தல் தகராறு என்று தெரிந்தாலே "நீதிமன்றம் போங்கள்" என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். சட்டம் தந்த விசாரணை அதிகாரத்தைப் பயன்படுத்த இத்தனை தயக்கம் ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதனால் மனுவில் தேர்தலைப் பின்னால் தள்ளி, தாக்கலாகாத கணக்குகளை ஆண்டுவாரியாக முன்னால் எழுதுங்கள். மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தைவிட்டு வெளியே வராதீர்கள்.