புதினுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ரஷ்யாவில் அடுத்து யார்? உடல்நிலை வதந்திகளை நம்பலாமா?

சட்டப்படி பதில் எளிது. அதிபர் இறந்தாலோ விலகினாலோ பிரதமர் தற்காலிக அதிபராவார், மூன்று மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். இன்றைய பிரதமர் மிகைல் மிஷுஸ்தின், முன்பு வரித்துறைக்குத் தலைவராக இருந்தவர். புதினே இந்த வழியில் வந்தவர்தான்: 1999 டிசம்பர் 31 அன்று அப்போதைய அதிபர் எல்ட்சின் திடீரென விலக, பிரதமராக இருந்த புதின் பொறுப்பேற்று 2000 மார்ச் தேர்தலில் வென்றார். அப்புறம் 2008இல் தன் கூட்டாளி மெத்வதேவை அதிபராக்கிவிட்டுத் தான் பிரதமரானார், 2012இல் திரும்பிவிட்டார். 2020இல் அரசியலமைப்பைத் திருத்தி, பழைய பதவிக்காலங்களைக் கணக்கில் சேர்க்காமல் 2036 வரை இருக்க வழி செய்துகொண்டார். 2036இல் அவருக்கு வயது 83 ஆகியிருக்கும். இத்தனைக்குப் பிறகும் வாரிசு என்று யாரையும் அவர் கைகாட்டவில்லை, காட்டினால் அன்றிலிருந்தே எல்லாரும் அந்த ஆள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, வதந்திகள். 2015 மார்ச்சில் பத்து நாள் போல ஆள் வெளியே வரவில்லை, உடனே நோய், ஆட்சிக்கவிழ்ப்பு, மரணம் என்று கதைகள் பறந்தன. பிறகு சாதாரணமாக வந்து கிர்கிஸ்தான் அதிபரைச் சந்தித்தார். 2023 அக்டோபரில் ஒரு டெலிகிராம் சேனல் அவர் இறந்தே போனதாக எழுதியது, அதுவும் பொய். ஆனால் மக்கள் நம்புவதில் தப்பில்லை. 1983இல் அன்றைய சோவியத் தலைவர் அந்த்ரோபோவ் மாதக்கணக்கில் கண்ணில் படாதபோது சளி என்றுதான் சொன்னார்கள், 1984 பிப்ரவரியில் சிறுநீரகக் கோளாறால் இறந்தார்.